வலி பார்த்த கட்டைவிரல்

டக்.

மாத்திரை அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கும் சத்தம். பஸ் கயத்தாறைத் தாண்டி, கோவில்பட்டியைப் பார்த்து வேகம் பிடித்திருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. பின்சீட்டில் ஒரு குழந்தை அழுதது. டிரைவர் விடாமல் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார். அத்தனை இரைச்சலையும் விலக்கிக்கொண்டு அந்தச் சின்னச் சத்தம் மட்டும் வந்து என் காதுக்குள் உட்கார்ந்தது. மறுபடியும் டக். முன்சீட்டு இளைஞன் இரண்டையும் வாயில் போட்டுத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினான். கழுத்து புடைத்து அடங்கியது. அவன் புஜத்தைத் தாங்கமாட்டாமல் சட்டைக்கை தையல் விட்டிருந்தது. காலடியில் கிடந்த பையிலிருந்து இடுப்பில் கட்டும் தோல்பட்டையின் நுனி எட்டிப் பார்த்தது.

தோளைத் தொட்டு ஏதாவது சொல்லியிருக்கலாம். வேண்டாம் தம்பி, வயிறு போய்விடும், தசை போய்விடும் என்று சொல்ல என்னைவிடத் தகுதியானவன் அந்த பஸ்ஸில் இருந்திருக்க மாட்டான். ஆனால் அந்தச் சத்தம் எனக்குள் இரக்கத்தை எழுப்பவில்லை. ஒரு முகத்தை எழுப்பியது. சதுரத் தாடை, மேலுதட்டில் மெல்லிய மீசை, சிரித்தால் இடது கன்னத்தில் குழி. என் வலது புஜத்தில், தசை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற பள்ளம், குளிர்ந்த கை பட்டதுபோலச் சுருங்கிக்கொண்டது.

பழி தீர்த்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் அந்த முகம் வந்தால் என் பல் இன்னும் நறநறக்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எண்பதுகளின் தொடக்கம். தீப்பெட்டி ஆபீசில் பண்டல் ஏற்றுகிறவன் நான். ஆபீஸ் என்றால் நாற்காலி மேஜை என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற கொட்டடிக்குப் பேரே ஆபீஸ்தான். ஊரில் நாலு ஏக்கர் கரிசல் இருந்தது. மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் வானம். பெரும்பாலும் வானம்தான். பகலெல்லாம் லாரிக்கு மூட்டை ஏற்றிவிட்டு, விடியுமுன்னே எழுந்துபோய் இரும்பு தூக்கினேன் என்றால் இன்றைக்குச் சிரிப்பார்கள். மூட்டை அடுத்தவனுக்கு ஏற்றுவது. இரும்பு எனக்கு ஏற்றுவது. அந்த வயதில் அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது.

தண்டவாளத்தை ஒட்டி ஒரு லேத் பட்டறை. அதன் பின்னால் ஓடு போட்ட கொட்டகை. பட்டறைக்காரர் நல்ல மனுஷன், இடத்தை விட்டதோடு பழைய லாரி அச்சுகளைக் கடைந்து தட்டு மாட்டித் தூக்க எங்களுக்கு பார் செய்தும் கொடுத்திருந்தார். தட்டுகள் பாதி வார்ப்பிரும்பு, பாதி டால்டா டப்பாவில் ஊற்றிக் காயவைத்த சிமெண்டு. சலூனில் கழித்துக்கட்டிய கண்ணாடி ஒன்று சுவரில் இருந்தது. அதில் தலை தெரியாது, நெஞ்சு தெரியும். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. மில்லுக்காரன், லாரி கிளீனர், என்னைப்போல தீப்பெட்டிக்காரன் என்று பத்துப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ரெண்டு பச்சை முட்டை, ஊறவைத்த கடலை, கையில் காசு இருக்கிற நாளில் கடலைமிட்டாய்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம். தனியாக யாரும் தூக்கக்கூடாது. எல்லாருக்கும் ஜோடி உண்டு. ஒருவன் தூக்கும்போது மற்றவன் தலைமாட்டில் நிற்பான். அது எல்லா ஊரிலும் இருப்பதுதான். எங்கள் கொட்டகையில் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. உன் எடையை நீ வைத்துக்கொள்ள முடியாது. உன் ஜோடிதான் வைப்பான். வைப்பதற்கு முன் வலி பார்ப்பான். நேற்று உழைத்த தசையில் கட்டைவிரலை ஊன்றி, எலும்பு தட்டுகிற வரைக்கும் அழுத்துவான். நீ முகம் சுளித்தால் இன்றைக்கும் நேற்றைய எடைதான். கத்தினால் இன்றைக்கு உனக்கு ஓய்வு, ஓரமாக உட்கார்ந்து கடலை தின்னலாம். ஒன்றும் இல்லை என்றால் பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு தட்டு கூடும். யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியாது. டாக்டரும் இல்லை, படித்த பயிற்சியாளனும் இல்லை. அடுத்தவன் கட்டைவிரல்தான் எங்களுக்குக் காவல்.

என் ஜோடி அவன். சதுரத் தாடைக்காரன். அவனுடைய அக்கா மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருந்தார். அங்கே பெட்டி இறக்குவதும் பொட்டலம் மடிப்பதும் இவன் வேலை. நாலு வருஷம் அவன் விரல் என் உடம்பைப் பார்த்தது, என் விரல் அவன் உடம்பைப் பார்த்தது. அவன் தோளில் எந்த இடத்தில் அழுத்தினால் மூச்சை இழுப்பான் என்று எனக்குத் தெரியும். என் கையில் எந்த இடத்தில் அழுத்தினால் கண்ணை மூடுவேன் என்று அவனுக்குத் தெரியும். கட்டிக்கொண்டவளுக்குக்கூட என் உடம்பு அவ்வளவு தெரிந்ததில்லை.

மாத்திரையை அவன்தான் கொண்டுவந்தான்.

அந்த வருஷம் ஆணழகன் போட்டியில் மாவட்டத்தில் முதலாவதாக வருகிறவனை ரயில்வேயில் எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. வெறும் பேச்சில்லை, அதற்கு முந்தின வருஷம் ஒருத்தன் அப்படிப் போயிருந்தான். காக்கிச் சட்டை, மாதச் சம்பளம், ஆயுளுக்கும் வேலை. எங்கள் பக்கத்தில் முதலாவதாக வரக்கூடியவர்கள் ரெண்டே பேர்தான் என்று கொட்டகைக்கே தெரியும். முதுகு அவனுக்கு. கை எனக்கு. என் கைக்காகவே பட்டறைக்கு வருகிற லாரிக்காரர்கள் டீயைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்ப்பார்கள்.

வெள்ளை மாத்திரை, ஒரு முனையில் கோடு. வலிக்கு முன்னாலேயே போட்டுக்கொண்டால் வலி வராது, வலி வராவிட்டால் ஒருநாள்கூட வீணாகாது என்றான். ரெண்டு பேரும் போட்டோம். அவன் முன்னால் நான் விழுங்க, என் முன்னால் அவன் வாயில் போட. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அப்புறம் காலையில் ரெண்டு.

இப்போது யோசித்தால், அதைவிடப் பெரிய மடத்தனத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நாங்கள் எடையை அளந்ததே வலியை வைத்து. வலியை மாத்திரையால் கொன்றுவிட்டு அதே விரலால் அதே இடத்தை அழுத்தி, வலிக்கவில்லை, ஆகவே கூட்டு என்று கூட்டிக்கொண்டே போனோம். விளக்கை ஊதி அணைத்துவிட்டு, பாம்பு ஒன்றும் கண்ணில் படவில்லையே என்று காலை வைக்கிறவன் மாதிரி. அதுமட்டுமில்லை. வலி இல்லை என்றால் நேற்று ஒழுங்காக உழைக்கவில்லை என்ற எண்ணம் வேறு. குற்ற உணர்ச்சியோடு இன்னும் ரெண்டு தட்டு.

மூன்று மாதத்தில் என் கை வீங்கிப் பெருத்தது. அம்மா சட்டையின் கையைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். வயிற்றில் எந்நேரமும் ஒரு கங்கு புகைந்தது. மோரைக் குடித்து அணைத்தேன். கொட்டகையில் கிண்டல் பண்ணாமல் இல்லை. ஒடம்பு ஏறுதாலே, இல்ல மருந்துக்கடைக்காரருக்கு மாடி ஏறுதா என்று மில்லுக்காரன் ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவனும் வந்து நாலு மாத்திரை கேட்டான்.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்று காலை எழுந்ததிலிருந்து வலது கையில், முழங்கை மடிப்புக்கு மேலே, ஒரு கதகதப்பு. வலி என்று சொல்ல முடியாது. வெயிலில் கிடந்த கல்லை உள்ளே வைத்துத் தைத்ததுபோல. கொட்டகைக்குப் போனேன். மாத்திரை கொடுத்தான். விழுங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து வலி பார்த்தான். அவன் கட்டைவிரல் அந்த இடத்துக்கு வந்து நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். வழக்கமாக ஊன்றி எடுக்கிற விரல், அன்று அங்கேயே தங்கி, லேசாக உருட்டிப் பார்த்தது. அவன் முகம் என்னைப் பார்க்கவில்லை, சுவர்க் கண்ணாடியைப் பார்த்தது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல. ரெண்டு போடலாம்.”

போட்டான். ஐந்தாவது முறை பாரை மடக்கி மேலே கொண்டுவரும்போது கொட்டகைக்கே கேட்டது. பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம். வலி இல்லை. பார் தரையில் விழுந்து உருண்டது. நான் கையைப் பார்த்தேன். ஊரே பார்க்க வந்த அந்தத் தசை, கீழே பிடி விட்டுப்போய், தவளை மாதிரித் துள்ளித் தோளுக்குக் கீழே ஏறிச் சுருண்டுகொண்டது. முழங்கை மடிப்பில் பள்ளம். துளி வலி இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எனக்கு நடந்ததை நானே வேடிக்கை பார்ப்பதுபோல நின்றேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், மதுரைக்குப் போய் அறுத்துத் தைத்தால்தான் உண்டு, தைத்தாலும் பழைய கை கிடையாது என்றார். அப்பா என்னை நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனார். உளுந்தமாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார்கள். எலும்புக்குச் செய்கிற வைத்தியம். எனக்கு எலும்பு நன்றாகத்தான் இருந்தது.

போட்டிக்கு நானும் போனேன். மேடை ஏறுகிறவனுக்கு எண்ணெய் தேய்ப்பது ஜோடியின் வேலை. இடது கையால் அவன் முதுகு முழுக்கத் தேங்காயெண்ணெய் தேய்த்தேன். தோள்பட்டை எலும்புக்கு அடியில் விளக்கு வெளிச்சம் விழுகிற மாதிரி கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தேன். அவன் ஜெயித்தான். ஒரு கையை வைத்துக்கொண்டு கை தட்ட முடியாது. தொடையில் தட்டினேன், சிவக்கிற வரைக்கும். ஒரு மாதத்தில் மதுரைக்கு, ரயில்வே வேலைக்குப் போனான். போகிற அன்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். நானும் அழுதேன். அந்த அழுகையை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கும்.

சித்திரை மாதம். கரிசல் வெடித்துக் கிடந்தது. அந்த மாதத்தில் எங்கள் மண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? கை நுழையும், சில இடத்தில் காலே நுழையும். போட்டது போட்டபடி உள்ளே போய்விடும். தூக்க முடியாதவன் கொட்டகைக்குள் என்ன செய்வான் என்று பின்பக்கம் உடைமரத்தின் கீழே உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் மாத்திரை போட்டதும் வாய் கொப்பளிக்க அவன் வந்துபோன இடம் அது. வெடிப்புக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குச்சியால் நெம்பினேன்.

மாத்திரை. ஒரு முனையில் கோடு. எச்சில் பட்டு ஓரம் மட்டும் கரைந்து, அப்புறம் வெயிலில் காய்ந்து, மற்றபடி முழுசாக. பக்கத்திலேயே இன்னொன்று. இன்னும் கொஞ்சம் தள்ளி ரெண்டு. மழை பெய்திருந்தால் கரைந்து போயிருக்கும். மழை பெய்யாத ஊர் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. பதினொரு மாத்திரை எடுத்தேன். அவன் நாக்குக்கு அடியில் வைத்திருந்து இங்கே வந்து துப்பியது. எனக்குக் கொடுத்துவிட்டுத் தன் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டவன். அவனுக்கு வலித்திருக்கிறது. வலித்த அன்றைக்கு ஏதோ சாக்குச் சொல்லி எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறான், அல்லது வயிறு சரியில்லை என்று உட்கார்ந்திருக்கிறான். நான் கூட்டிக்கொண்டே போனேன். என் கையில் அவன் விரல் தங்கி உருட்டிப் பார்த்ததும், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஒண்ணுமில்ல என்றதும், அந்த வெடிப்பின் ஓரத்தில் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆறிவிடும். ஆறக்கூடாது என்று இருந்தேன்.

தீப்பெட்டி ஆபீசில் மூட்டை ஏற்றத் தகுதியில்லாதவனை லேபிள் ஒட்டுகிற இடத்தில் உட்காரவைத்தார்கள். முப்பது பெண்களுக்கு நடுவில் ஒரு ஆம்பிளை. எனக்குத்தான் பசை காய்ச்சுகிற வேலையும். முதல் நாளே ஒரு அக்கா, ஏ பயில்வானே, பசைச்சட்டிய ஒத்தக் கையால எறக்கிருவீயளா, இல்ல நாங்க ரெண்டு பேரு வரணுமா என்றாள். கொட்டடியே சிரித்தது. நானும் சிரித்தேன். ரெண்டு வருஷம் சிரித்தேன். அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் சிரித்தேன், அவன் கல்யாணத்தில் பந்தி பரிமாறிச் சிரித்தேன். அவன் என் தோளில் கைபோட்டு, என் ஜோடில்லா என்று ரயில்வே ஆள்களுக்கு அறிமுகம் செய்துவைத்தபோதும் சிரித்தேன். ஒரு தசை போனால் இன்னொரு தசையை வளர்க்கலாம். நான் முகத்தை வளர்த்தேன்.

அவன் கட்டியது குளத்தூர்ப் பக்கத்துப் பெண். உப்பளத்தில் வேலை பார்த்துக் கறுத்த, கண் மட்டும் பளிச்சென்று இருக்கிற பிள்ளை. ரெண்டாவது வருஷம் முடியப்போகிற நேரத்தில் அவன் இருபது நாள் லீவு போட்டுவிட்டு அவளோடு வந்தான். மாநிலப் போட்டி வருகிறது, அதில் இடம் பிடித்தால்தான் வேலையை நிரந்தரம் செய்வார்கள், இல்லாவிட்டால் ரயில்வே பட்டறையில் இரும்பு சுமக்கப் போட்டுவிடுவார்கள் என்றான். மதுரையில் எவனுக்கும் தன் உடம்பு தெரியவில்லை, நீதான் நிற்கணும் என்றான். அதுக்கென்ன, நிக்கேன் என்றேன்.

மறுநாள் அவன் கடைக்குப் போயிருந்த நேரம், அவள் ஒரு பொட்டலம் சாளைக் கருவாட்டோடு என் வீட்டுக்கு வந்தாள். ஆறு மாத வயிறு. அம்மா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவருக்குத் தோளும் நெஞ்சும் சேருகிற இடத்தில் வலி, ராத்திரியெல்லாம் புரளுகிறார், ஒருநாளைக்கு ஆறு ஏழு மாத்திரை, அதற்கும் வலி கேட்காமல் இடையிடையே ஊசி, காலையில் எழுந்ததும் வாந்தி என்று சொல்லிக்கொண்டே போனாள். வேலையில் சேர்ந்த பிறகு, தலைமாட்டில் நிற்க ஆளில்லாத ஊரில், அவன் நிஜமாகவே விழுங்க ஆரம்பித்திருக்கிறான்.

“நான் சொன்னா ஏசுதாவ, அண்ணாச்சி. நீங்க சொன்னா கேப்பாவ. ஒங்க வெரலுக்குத்தான் தெரியும்னு சொல்லுதாவ. கூடுதலா தூக்க விடாதீய.”

சரிம்மா, நான் பார்த்துக்கிடுதேன் என்றேன். அவள் தெருவில் இறங்கிப் போகும்வரை வாசலில் நின்றேன். அவளைப் பார்த்து எனக்கு இளகியிருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: எந்த இடம் என்று தெரிந்துவிட்டது.

ஒரு வாரம் அவசரப்படவில்லை. அவனுக்கு நல்ல ஜோடியாக இருந்தேன். வலி பார்த்தேன், அளவாகக் கூட்டினேன், ஒருநாள் ஓய்வும் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் என் கட்டைவிரல் அந்த இடத்துக்கு, இடது அக்குளின் முன்பக்கம் நெஞ்சுத்தசை கையைப் பிடிக்கிற அந்தக் கயிற்றுக்கு, போய்ப் பார்த்துவிட்டு வந்தது. முதல் நாள் கயிறு கயிறாகத்தான் இருந்தது. நாலாம் நாள் ஒரு முடிச்சு. ஏழாம் நாள் முடிச்சு கொழகொழத்து, அவித்த கிழங்கு மாதிரி.

எட்டாம் நாள் அது சுட்டது.

அவன் பெஞ்சில் மல்லாக்கப் படுத்திருந்தான். நான் தலைமாட்டில். மாத்திரை போட்டிருந்தான், நாக்குக்கு அடியில் ஒளிக்கவில்லை, மூன்றையும் விழுங்கியதை என் கண்ணால் பார்த்தேன். விரலை ஊன்றினேன். உள்ளே நார் நாராகப் பிரிந்து கொதித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தலைகீழாகத் தெரிந்த அந்த முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. குழந்தை டாக்டரைப் பார்க்கிற மாதிரி.

“எப்படில இருக்கு?”

ரெண்டு வருஷமாக அந்தக் கேள்விக்காகத்தான் நான் பசை காய்ச்சியிருந்தேன். நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அவன் கண்ணைத்தான் பார்த்தேன்.

“ஒண்ணுமில்ல. ரெண்டு போடலாம்.”

“நீ சொன்னா சரி” என்றான்.

பக்கத்துக்கு ஒன்றாகத் தட்டு மாட்டினேன். மாட்டும்போது என் கை நடுங்கவில்லை. அதை இங்கே எழுதிவைக்க வேண்டும். பின்னாட்களில் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது நடுங்கியதாகச் சொல்லியிருக்கிறேன். பொய். நடுங்கவில்லை. ஒரு தடவை இறக்கி ஏற்றினான். ரெண்டு. மூன்று. நாலாவது ஏறிக்கொண்டிருந்தபோது ஈரச்சேலையைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. பார் ஒரு பக்கமாகச் சாய்ந்து கழுத்தைப் பார்த்து வந்தது.

பிடித்தேன். அவன் கழுத்து எனக்கு வேண்டியதில்லை. எனக்கு எடுக்கப்பட்டது ஒரு தசை, நான் கேட்டதும் ஒரு தசை. இடது கையும், அந்தப் பள்ளம் விழுந்த வலது கையும் சேர்ந்து பாரைப் பிடித்தன. தோளிலிருந்து விரல்வரை எனக்கு மின்னல் இறங்கியது. மாத்திரை போடாத கை. பட்டறை ஆட்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அவன் எழுந்து உட்கார்ந்து, சரிந்துபோன இடது நெஞ்சைக் குனிந்து பார்த்தான். தோலுக்குள் நீலம் பரவ ஆரம்பித்திருந்தது.

“ஏலே, வலிக்கவே இல்லயே” என்றான்.

அந்த ஆச்சரியம் எனக்குப் பழக்கமானது. சாயங்காலத்துக்குள் வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

நிறைவாக இருந்ததா என்று கேட்பவர்களுக்கு: இருந்தது. அன்று காலை ஆபீசுக்குப் போகிற வழியில் ரெண்டு டீ குடித்தேன். பல வருஷம் கழித்து ஒரு லாரி டிரைவர் சொன்னார், எங்கேயோ ஒரு லெவல் கிராசிங்கில் அவனைப் பார்த்ததாக. இடது கையை வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டு வலது கையால் கேட்டின் சக்கரத்தைச் சுற்றுகிறானாம். அன்றைக்கும் நன்றாகச் சாப்பிட்டேன். என் பழியில் மண் விழுந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது அவனால் வந்ததல்ல. நீங்க சொன்னா கேப்பாவ என்று ஆறு மாத வயிற்றோடு வாசலில் நின்றவளின் குரல். அவளிடம் எனக்குப் பழி எதுவும் இருக்கவில்லை. அதைத் தீர்க்க வழி தெரியாமல்தான் ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாமல் இத்தனை ஊர் சுற்றினேனோ, பிற்பாடு எழுத்துக்காரனாகி இத்தனை எழுதினேனோ, தெரியவில்லை.

தசை கிழிந்த மூன்றாம் நாள் காலை வண்டியில் அவன் மதுரைக்குத் திரும்பினான். பிரசவத்துக்காக அவள் குளத்தூரில் தங்கிவிட்டாள். ஜோடிதான் பை தூக்கவேண்டும். தூக்கிக்கொண்டு போனேன். அவனுக்கு இடது கை கட்டு, எனக்கு வலது கை பள்ளம். கடலைமிட்டாய் விற்கிறவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பயில்வாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மோதிக்கிட்டீயளோ என்று சிரித்துக்கொண்டே போனார். நாங்கள் சிரிக்கவில்லை.

வண்டி வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பையைக் கம்பி வழியாகக் கொடுக்க முடியாது என்று நான் ஏறிப்போய் வைத்துவிட்டு இறங்கினேன். என்ஜின் கூவியது. அப்போதுதான் அவன் முகத்தைத் திருப்பினான்.

“அன்னைக்கு வெரல் வச்சப்ப ஒனக்குச் சூடு தெரிஞ்சுதால?”

“தெரிஞ்சுது.”

தலையை ஆட்டிக்கொண்டான். வலிக்கிறவன் முகம் அது. வலி வந்துவிட்டிருந்தது.

“எனக்கும் தெரிஞ்சுதுல, ஒன் கையில. எனக்கு அந்த வேலை வேணும்னு இருந்துச்சு.”

எதிர்பார்த்த வார்த்தைதான். ரெண்டு வருஷம் அதைத் தனியாக எனக்குள்ளே அவன் குரலில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நிஜமாகக் கேட்டபோது காதில் இரும்புத் தட்டு மோதியதுபோல ஒரு அதிர்வு, அவ்வளவுதான். வண்டி நகர்ந்தது. நான் கூடவே நாலு எட்டு நடந்தேன், ஏன் நடந்தேன் என்று தெரியாமல். அவன் வலது கையைக் கம்பிக்கு வெளியே நீட்டினான். நான் தொடவில்லை.

“சரி, போய்ட்டு வாரேன்” என்றான், ஊரில் எல்லாரும் சொல்வதுபோல.

“போ. வராதல” என்றேன்.